பழைய பிஎம்டபிள்யூ ஈ46-க்கு சஸ்பென்ஷன் மவுண்ட் பிளேட் வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

ஈ46 என்பது பிஎம்டபிள்யூ 3 சீரீஸ் காரின் ஒரு தலைமுறை. என்னுடையது 2002-ஆம் வருட 320சிஐ கூபே. பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போது ஒரு தட்டு, முதல் கியரில் கிளம்பும்போது இன்னொரு தட்டு. ஒரு கராஜில் எக்ஸாஸ்ட் ரப்பர் என்றார்கள், மாற்றினேன். இன்னொரு கராஜில் டயர் என்றார்கள், மாற்றினேன். பிறகு "ஈ46-க்கு ஸ்ட்ரட் டவர்தான் பலவீனம்" என்று (முன் சஸ்பென்ஷனின் மேல்முனை பாடியில் பூட்டும் இடம் அது) பலரும் சொல்லக் கேட்டு, முன்பக்கத்துக்கு அலுமினிய பிளேட்டும், இரண்டு டவரையும் இணைக்கும் கம்பியான ஸ்ட்ரட் பிரேஸும் வாங்கிப் போட்டேன். 240 பவுண்டு. சத்தம் அப்படியே இருந்தது.

கடைசியில், முப்பது வருடம் பாடி வேலை பார்த்த ஒரு அண்ணன் வந்து டிக்கியின் கார்ப்பெட்டைத் தூக்கினார். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, "இங்க பாருங்க தம்பி" என்றார். தரைத் தகட்டில், தகடுகளை இணைக்கும் புள்ளி ஒட்டுகளான ஸ்பாட் வெல்டு இரண்டு விட்டுப்போயிருந்தன. சுற்றிலும் பெயின்ட் முட்டை ஓடு மாதிரி வெடித்திருந்தது. முன்பக்கத்தில் போட்ட பணத்துக்கும் பின்பக்கத்து நோய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பிரிட்டனில் ஈ46 வாங்கியிருக்கும், வாங்கப்போகும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். ரேஸ் ஓட்டுபவர்களுக்கு இல்லை. வேலைக்கும் கடைக்கும் போய்வர, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போக கார் வைத்திருப்பவர்களுக்கு.

1. எந்த மவுண்ட் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"மவுண்ட் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் பிளேட்" என்று தேடினால் மூன்று வேறு வேறு சாமான்கள் வந்து நிற்கும். மூன்றும் மூன்று இடத்துக்கானவை. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

முதலாவது, முன் ஸ்ட்ரட் டவர். பானட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் மூன்று மூன்று நட்டுகள் தெரியும் இடம். இங்கே ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்து ஒரே இடத்தில் இடிக்கின்றன. பெரிய பள்ளத்தில் விழும்போது அந்த இடி முழுவதும் டவரின் தகட்டை மேல்நோக்கித் தள்ளும். நாளடைவில் தகடு காளான் தலை போல மேலே உப்பும். நட்டின் ஸ்டட்டுகள் சாயும், வீல் அலைன்மென்ட் நிற்காது.

இரண்டாவது, பின் ஷாக்கின் மேல் மவுண்ட். ஈ46-இல் பின்பக்கம் ஸ்பிரிங் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, ஷாக் தனியாக நிற்கிறது. காரின் எடை இந்த மவுண்டில் இல்லை. ஆனால் ஷாக் தள்ளுவதும் இழுப்பதும் முழுக்க இரண்டே நட்டுகளின் வழியாக மெல்லிய தகரத்துக்குப் போகிறது. ரப்பர் கிழிந்த பிறகும் ஓட்டினால் தகரம் கிழிய ஆரம்பிக்கும்.

மூன்றாவது, பின் சப்ஃபிரேம், அதாவது பின் சஸ்பென்ஷனையும் டிஃபரென்ஷியலையும் தாங்கும் இரும்புச் சட்டம், உட்காரும் தரைத் தகடு. நான்கு இடத்தில் சப்ஃபிரேம் இதில் பூட்டப்பட்டிருக்கிறது. எஞ்சின் சக்தியைப் பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் டிஃபரென்ஷியல் முறுக்கும்போதெல்லாம் அந்த நான்கு இடமும் வளைந்து நிமிர்கின்றன. விரிசல் இங்கேதான் பெரிய செலவு. 1998 முதல் 2006 வரை வந்த ஈ46 எல்லாவற்றையும் இதற்காகப் பார்க்க வேண்டும், குறைந்த சக்தி எஞ்சின் என்று விட்டுவிடக் கூடாது. என்னுடையது வெறும் 320.

சத்தத்தை வைத்து ஓரளவு பிரிக்கலாம். சிறிய மேடு பள்ளத்தில் பின்பக்கம் காலியான டப்பாவைத் தட்டுவது போலக் கேட்டால் பெரும்பாலும் ஷாக் மவுண்ட். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் கனமாக ஒரு "டொம்" கேட்டால் சப்ஃபிரேம் புஷ் (அதிர்வை விழுங்கும் ரப்பர் உருளை) அல்லது தரைத் தகடு. சத்தமே இல்லாமல் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்து, முன் டயர் ஓரம் தேய்ந்தால் முன் டவரைப் பாருங்கள். இது தொடக்கம்தான். இதை மட்டும் நம்பி ஆர்டர் போட வேண்டாம்.

2. தாள்களைப் பாருங்கள்

சாமான் வாங்குவதற்கு முன் அரை மணி நேரம் தாள்களுக்கு ஒதுக்குங்கள்.

காரின் நம்பரை மட்டும் வைத்து அரசாங்கத் தளத்தில் எம்ஓடி (வருடாந்திரத் தகுதிச் சோதனை) வரலாற்றை இலவசமாகப் பார்க்கலாம். தோல்விகளை மட்டும் பார்க்காதீர்கள், அட்வைசரிகளையும் (தோற்கவில்லை, ஆனால் கவனிக்கச் சொன்னவை) படியுங்கள். "பின் சப்ஃபிரேம் மவுண்டிங் அருகே துரு", "பின் ஷாக் மவுண்ட் தேய்மானம்" போன்ற வரி ஒரு வருடம் இருந்து அடுத்த வருடம் காணாமல் போயிருந்தால், அந்த வேலைக்கான பில் எங்கே என்று விற்றவரிடம் கேளுங்கள். பில் இல்லையென்றால் அண்டர்சீல் (அடித்தகட்டில் பூசும் துருத் தடுப்புப் பூச்சு) அடித்து மறைத்திருக்கலாம்.

லண்டனுக்குள் ஓட்டுபவர்கள் யூலெஸ் (புகை அதிகம் விடும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் மண்டலம்) சோதனையையும் இப்போதே செய்துவிடுங்கள். 2023 ஆகஸ்ட் 29 முதல் கிரேட்டர் லண்டன் முழுவதும் அந்த எல்லைக்குள் வந்துவிட்டது. தகுதியில்லாத காருக்கு ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு. ஈ46 டீசல் எதுவும் தேறாது. பெட்ரோலில் சில தேறும், சில தேறாது, நம்பரைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். தினமும் 12.50 கட்ட வேண்டிய காருக்கு ஆயிரம் பவுண்டு வெல்டிங் செய்வதா என்ற கேள்விக்கு வெல்டிங் முடிந்த பிறகு பதில் தேடக் கூடாது.

அப்புறம் காரின் பதிவுப் பத்திரமான வி5சி-யை எடுத்து சேசிஸ் எண்ணின் கடைசி ஏழு எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். டீலரின் பார்ட்ஸ் கவுன்ட்டரில் இதைச் சொன்னால்தான் உங்கள் காருக்குப் பொருந்தும் பிளேட்டின் எண் வரும். சலூன், கூபே, டூரிங் (எஸ்டேட்), கன்வர்ட்டிபிள், எம்3 எல்லாம் ஈ46தான். சாமான்கள் எல்லாம் ஒன்றல்ல.

3. திறந்து பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள்

முன் டவருக்கு: பானட்டைத் திறந்து, டவரின் மேல்பகுதியில் ஒரு இரும்பு ஸ்கேலை நிமிர்த்தி வையுங்கள். அந்தப் பகுதி புதிதாக இருந்தபோதே சமதளம் இல்லை, அதனால் இடைவெளி தெரிந்தவுடன் பயப்பட வேண்டாம். இடது டவரையும் வலது டவரையும் ஒப்பிடுங்கள், வித்தியாசம்தான் முக்கியம். பிரிட்டனில் நடைபாதையை ஒட்டிய இடது சக்கரம்தான் ஓரத்துப் பள்ளங்களில் அதிகம் விழுகிறது. மூன்று ஸ்டட்டும் நேராக நிற்கின்றனவா, வெளிப்பக்கம் சாய்கின்றனவா என்று பாருங்கள். சீலன்ட் கோட்டில் முடி போன்ற பிளவு இருந்தால் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

பின் ஷாக்குக்கு: டிக்கியின் பக்கவாட்டு லைனிங்கைக் கழற்றினால் இரண்டு நட்டுகள் தெரியும். டூரிங்கில் பக்கப் பலகை முழுவதையும் கழற்ற வேண்டும். ஒருவர் பின் பம்பர் பக்கம் அழுத்தி ஆட்டட்டும், நீங்கள் அந்த இடத்தில் விரலை வைத்திருங்கள். மவுண்ட் போயிருந்தால் தட்டு விரலிலேயே தெரியும்.

தரைத் தகட்டுக்கு: இதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். முதலில் மேலிருந்து. டிக்கி கார்ப்பெட்டையும் பின் சீட்டின் அடியையும் தூக்கி, ஸ்பாட் வெல்டுகளின் வரிசையைப் பாருங்கள். நல்ல வெல்டு சிறிய வட்டக் குழியாக, பெயின்ட் உடையாமல் இருக்கும். விட்டுப்போன வெல்டைச் சுற்றிப் பெயின்ட் வெடித்து, நடுவில் பழுப்பு நிறப் புள்ளி இருக்கும். பிறகு ரேம்ப்பில் ஏற்றிக் கீழிருந்து. நான்கு மவுண்டைச் சுற்றியும் அண்டர்சீலை பிளாஸ்டிக் ஸ்கிராப்பரால் சுரண்டுங்கள், இரும்பால் சுரண்டினால் கீறலுக்கும் விரிசலுக்கும் வித்தியாசம் தெரியாது. சந்தேகம் இருந்தால் விரிசல் காட்டும் சாயம் ஸ்பிரே டப்பாவில் கிடைக்கிறது. சிவப்புச் சாயத்தை அடித்து, துடைத்து, வெள்ளைப் பொடியை அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக மேலே வரும். என் காரில் அந்தக் கோடு சப்ஃபிரேமின் முன் மவுண்டின் ஓரத்திலிருந்து சுண்டுவிரல் நீளத்துக்கு வந்தது. அதற்கு முன்பு வெறும் கண்ணால் மூன்று முறை பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

சப்ஃபிரேமை இறக்காமல் எல்லா விரிசலும் தெரியாது. "கீழே பார்த்தேன், சுத்தம்" என்று யாராவது சொன்னால், இறக்கிப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

4. முன் டவர் பிளேட்: மேலே போடுவதா, கீழே போடுவதா

சந்தையில் இரண்டு வகை இருக்கின்றன. டவருக்கு மேலே, நட்டுக்கு அடியில் உட்கார்வது ஒன்று. ஸ்ட்ரட் மவுண்டுக்கும் டவருக்கும் நடுவில், கீழிருந்து உட்கார்வது இன்னொன்று. பிஎம்டபிள்யூவின் சொந்த பிளேட் இரண்டாவது வகை.

இடி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று யோசியுங்கள். கீழிருந்து மேலே வருகிறது. அப்படியானால் இடிக்கும் பொருளுக்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கும் பிளேட்தான் பாரத்தைப் பரப்பும். மேலே போடும் பிளேட் ஸ்டட்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும், ஓரளவு உதவும், ஆனால் முதல் அடியைத் தாங்குவது வெறும் தகடுதான். ரோட்டில் ஓடும் காருக்குக் கீழே போடும் எஃகு பிளேட்டைத்தான் நான் சொல்வேன். நான் முதலில் வாங்கிய மேல் பிளேட் அழகாக இருந்தது, பானட்டைத் திறந்தால் பளபளத்தது. இப்போது அது அலமாரியில் இருக்கிறது.

மேல் பிளேட்டில் இன்னொரு பிரச்சினையும் இருந்தது. அதன் தடிமனுக்கு மேல் ஸ்ட்ரட் பிரேஸின் தகடும் ஏறியதால், ஸ்டட்டில் மரை போதவில்லை. நட்டை முறுக்கி முடித்த பிறகு பார்த்தால், நட்டுக்குள் இருக்கும் பிடிப்பு வளையத்தைத் தாண்டி ஒரு மரைகூட வெளியே தெரியவில்லை. அப்படிப்பட்ட நட்டு கழன்று வரும். எந்த பிளேட் போட்டாலும், முறுக்கிய பிறகு நட்டுக்கு மேலே இரண்டு மரையாவது வெளியே தெரிய வேண்டும். இல்லையென்றால் பிளேட்டைக் கழற்றுங்கள்.

கீழ் பிளேட் போட ஸ்பிரிங்கை அமுக்கத் தேவையில்லை. காரை ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்டெபிலைசர் லிங்க்கைக் கழற்றி, மூன்று வெளி நட்டுகளை மட்டும் எடுத்து, கீழ் ஆர்மை ஜாக்கியால் தாங்கி மெதுவாக இறக்கினால் பிளேட் நுழையும் அளவுக்கு இடம் கிடைக்கும். பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தொடாதீர்கள். அதுதான் அமுங்கியிருக்கும் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றினால் ஆள் உயிரே போகலாம். மவுண்டின் பேரிங்கையும் மாற்றுவதாக இருந்தால் ஸ்ட்ரட்டை மொத்தமாகக் கழற்றி, ஸ்பிரிங் அமுக்கும் மெஷின் இருக்கும் கராஜில் கொடுங்கள்.

டவர் ஏற்கனவே லேசாக உப்பியிருந்தால், ஸ்ட்ரட் வெளியே இருக்கும்போது மேலே மரக்கட்டை வைத்துத் தட்டி இறக்கலாம். விரிசல் இருந்தால் தட்டவே கூடாது, அது வெல்டரின் வேலை. வெளி நட்டுகள் எம்8 அளவு, சாதாரண ஈ46-க்கு 24 நியூட்டன் மீட்டர். கையில் கிடைத்த நீள ஸ்பேனரால் இழுத்து முறுக்கினால் ஸ்டட் உடையும். முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். நட்டுகள் புதிதாகவே இருக்கட்டும்.

ஸ்ட்ரட் மவுண்டில் ஒரு சிறிய பின் நீட்டிக்கொண்டிருக்கும், அது டவரின் ஓட்டையில் உட்காரும். நீங்கள் வாங்கும் பிளேட்டில் அதற்கும் ஓட்டை இருக்கிறதா என்று படத்தில் பாருங்கள். இல்லாத பிளேட் சமமாக உட்காராது.

5. பின் ஷாக் மவுண்ட் பிளேட்

மூன்றில் இதுதான் மலிவு, இதுதான் எளிது. பிஎம்டபிள்யூ கன்வர்ட்டிபிளுக்கும் இசட்3-க்கும் போட்ட சிறிய எஃகு பிளேட் மற்ற ஈ46-களுக்கும் பொருந்துகிறது. டிக்கிக்குள், தகரத்துக்கு மேலே, இரண்டு நட்டுகளுக்கு அடியில் உட்காரும். ஷாக் கீழே இழுக்கும்போது இரண்டு நட்டுகளின் அடியில் குவியும் பாரம் பிளேட் முழுவதும் பரவும்.

ஆனால் பழைய ரப்பர் மவுண்டை விட்டுவிட்டு பிளேட்டை மட்டும் போடுவது வீண். மவுண்ட், மவுண்டுக்கும் பாடிக்கும் நடுவில் வரும் சீல், புது நட்டு எல்லாவற்றையும் சேர்த்து வாங்குங்கள். சீலை விட்டுவிட்டால் சக்கரத்துத் தண்ணீர் டிக்கிக்குள் வரும். விலை குறைவான, பெயர் தெரியாத ரப்பர் மவுண்டுகள் சீக்கிரம் கிழிவதையும் பார்த்திருக்கிறேன். இந்த இடத்தில் இருபது பவுண்டு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

நட்டைச் சுற்றித் தகரம் ஏற்கனவே கிழிந்திருந்தால் பிளேட்டால் மூட வேண்டாம். முதலில் வெல்டிங், பிறகு பிளேட்.

6. பின் தரைத் தகடு

இதற்குக் கிடைக்கும் கிட்டுகளில் பெரும்பாலும் நான்கு பிளேட்டுகள் இருக்கும், நான்கு மவுண்டுக்கும் ஒவ்வொன்று. அவற்றைக் கீழிருந்து வெல்டு செய்வார்கள். இன்னொரு வகை மேலிருந்து, டிக்கிக்குள்ளும் பின் சீட்டுக்கு அடியிலும், மவுண்டுகளை ஒன்றோடொன்றும் பக்க உத்தரங்களோடும் இணைக்கும் கட்டமைப்பு. மூன்றாவதாக, குழிக்குள் கெட்டியாகும் ஃபோமை நிரப்பும் முறை.

என் தீர்மானம் இது. விரிசல் சிறியதாக, பிளேட்டின் பரப்புக்குள்ளேயே முடிந்து, மேலே ஸ்பாட் வெல்டுகள் நன்றாக இருந்தால் கீழ் பிளேட் போதும். விரிசல் பிளேட்டின் ஓரத்தைத் தாண்டினாலோ, டிக்கிக்குள் வெல்டுகள் விட்டுப்போயிருந்தாலோ மேல் கட்டமைப்பும் வேண்டும். கீழே மட்டும் பலப்படுத்தினால் வளைவு பிளேட்டின் ஓரத்துக்கு நகர்ந்து அங்கே புதிய விரிசல் தொடங்கலாம். என் காருக்கு இரண்டும் தேவைப்பட்டன.

ஃபோமில் ஒரு பொறி இருக்கிறது. அது நிரப்பிய பிறகு பக்கத்தில் வெல்டிங் செய்தால் ஃபோம் எரிந்து விஷப்புகை வரும், தீயும் பிடிக்கும். அதனால் வெல்டிங் முதலில், ஃபோம் கடைசியில். விரிசலோடு ஃபோமை மட்டும் நிரப்பித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். அடுத்து வரும் வெல்டர் அந்தக் காரைத் தொட மாட்டார்.

கிட் வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. பிளேட் தட்டையாக வெட்டிய தகடா, பாடியின் வளைவுக்கு ஏற்ப அழுத்தி வடித்ததா? தட்டையான பிளேட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் இடைவெளி நின்றால் வெல்டு அந்த இடைவெளியைத்தான் நிரப்பும், பலம் வராது, தண்ணீரும் தங்கும். சாதாரண மைல்டு ஸ்டீல்தான் நல்லது. ஸ்டெயின்லெஸ் என்று விளம்பரம் செய்வதை வாங்கினால் அதற்கேற்ற வேறு வெல்டிங் கம்பி வேண்டும், உங்கள் வெல்டரிடம் முதலில் கேளுங்கள். ஜிங்க் பூசியிருந்தால் வெல்டு செய்யும் ஓரத்தில் அரைத்து எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் வெல்டில் குமிழி விழும், அந்தப் புகையும் கெடுதல். பிளேட்டை ஒட்டுவதற்கு எபாக்ஸி பசை மட்டும் தரும் கிட்டுகளும் இருக்கின்றன. அவற்றை நான் சொல்ல மாட்டேன், காரணம் 7-ஆம் படியில் இருக்கிறது.

வெல்டரைத் தேர்ந்தெடுப்பது கிட்டைத் தேர்ந்தெடுப்பதை விட முக்கியம். நான் ஐந்து பேரிடம் பேசினேன். எல்லோரிடமும் இதே கேள்விகள்:

சப்ஃபிரேமை முழுவதுமாக இறக்குவீர்களா? பெட்ரோல் டேங்கைக் கழற்றுவீர்களா? விரிசலின் முனையில் சிறிய துளை போட்டுவிட்டு வெல்டு செய்வீர்களா, அல்லது மேலே பிளேட்டைப் போட்டு மூடிவிடுவீர்களா? வெல்டுக்குப் பிறகு சீலன்ட்டும் உள்ளே துருத் தடுப்பு மெழுகும் அடிப்பீர்களா? அண்டர்சீல் அடிப்பதற்கு முன் படம் எடுத்துத் தருவீர்களா?

முதல் ஆள் "டேங்க்கெல்லாம் கழற்ற வேண்டாம், ஈரத் துணி போட்டால் போதும்" என்றார். நன்றி சொல்லிவிட்டு போனை வைத்தேன். டேங்க் பின் சீட்டுக்கு அடியில், சப்ஃபிரேமின் முன் மவுண்டுகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. என் காரில் பேட்டரியும் டிக்கியில்தான், அதைத் துண்டிக்காமல் வெல்டிங் தொடங்கக் கூடாது.

சப்ஃபிரேம் கீழே இருக்கும்போது அதன் நான்கு புஷ்ஷையும் டிரெய்லிங் ஆர்ம் புஷ்ஷையும் மாற்றிவிடுங்கள். பின்னால் தனியாக மாற்றினால் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டும். பழைய புஷ் தளர்ந்ததால்தான் தகடு இவ்வளவு அடி வாங்கியது. பாலியூரேத்தேன் புஷ் போடச் சொல்வார்கள், ரோட்டுக் காருக்கு ரப்பரே போதும். ரப்பர் விழுங்கும் அதிர்வைக் கெட்டியான புஷ் தகட்டுக்கு அனுப்பும். துருப்பிடித்த பிரேக் பைப் இருந்தால் அதையும் இப்போதே. கழற்றும்போது பாதி உடையும், பட்ஜெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

7. எம்ஓடி, இன்சூரன்ஸ், வி5சி

எம்ஓடியில் சஸ்பென்ஷன் மவுண்டிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் இருக்கும் பாரம் தாங்கும் பகுதியைத் தனியாகக் கவனிப்பார்கள். அங்கே துருவோ விரிசலோ பலத்தைக் கெடுத்திருந்தால் கார் தோற்கும். பழுது பார்த்திருந்தால் வெல்டு இடைவெளி இல்லாமல் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், நல்ல தகட்டில் போய் முடிய வேண்டும். தயாரிப்பாளர் ஸ்பாட் வெல்டு செய்த இடத்தில் மட்டும் ஸ்பாட் வெல்டுக்கு அனுமதி. பசை வைத்து ஒட்டிய பிளேட் அங்கே பழுதுபார்ப்பாக ஏற்கப்படும் என்று நம்பி இருக்க வேண்டாம். வெல்டரிடம் முதலிலேயே "எம்ஓடிக்கு ஏற்ற தொடர் வெல்டு" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கங்கே பொட்டு வைத்தது போல வெல்டு செய்து, மேலே கறுப்பு பெயின்ட் அடித்துத் தருபவர்கள் இருக்கிறார்கள்.

காருக்கு எம்ஓடி கட்டணம் அதிகபட்சம் 54.85 பவுண்டு. முடியும் தேதிக்கு ஒரு மாதம் (ஒரு நாள் குறைய) முன்பே சோதித்தாலும் பழைய தேதியே அடுத்த வருடத்துக்கும் நிற்கும். அதனால் முன்கூட்டியே கொண்டுபோங்கள். கடைசி நாளில் தோற்றால் வெல்டரின் வரிசையில் அவசரமாகப் போய் நிற்க வேண்டிவரும்.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள். "இது பலப்படுத்தும் வேலைதானே, மாடிஃபிகேஷன் இல்லையே" என்று நாமே முடிவு செய்யக் கூடாது. சில நிறுவனங்கள் பழுதுபார்ப்பாக எடுத்துக்கொள்ளும், சில மாடிஃபிகேஷனாக எழுதிக்கொள்ளும். ஸ்ட்ரட் பிரேஸ் இருந்தால் அதையும் சொல்லுங்கள். போனில் பேசிவிட்டு விடாதீர்கள், ஈமெயிலில் பதில் வாங்குங்கள். எனக்கு பிரீமியம் ஏறவில்லை, தாள் மாற்றும் கட்டணம் 25 பவுண்டு மட்டும்.

வி5சி விஷயத்தில், சேசிஸையோ பாடியையோ மாற்றினாலோ திருத்தினாலோ வண்டிப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ-வுக்குச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. போல்ட்டில் பூட்டும் பிளேட்டுக்கு நான் எதுவும் எழுதவில்லை. தரைத் தகட்டை அறுத்தெடுத்துப் புதுத் தகடு வைக்கும் அளவுக்குப் போனால், வேலைக்கு முன்பே எழுதிக் கேட்டு, பதிலை ஃபைலில் வையுங்கள்.

8. செலவும் நாளும்

2024 கோடையில் நான் கொடுத்தவை இவை. உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கலாம்.

ரேம்ப்பில் ஏற்றிப் பார்க்க 60 பவுண்டு. விரிசல் காட்டும் சாயம் 24. முன் டவருக்குக் கீழ் பிளேட் ஜோடி 34. பின் ஷாக் பிளேட் ஜோடி 18, மவுண்டும் சீலும் நட்டும் சேர்ந்து 58. தரைத் தகட்டுக்குக் கீழ் கிட், மேல் கட்டமைப்பு, வெல்டிங், மெழுகு எல்லாம் சேர்த்து 1,650. புஷ்கள் 190, உடைந்த பிரேக் பைப்புக்கு 85. நான்கு சக்கர அலைன்மென்ட் 110. இன்சூரன்ஸ் 25. கூட்டினால் 2,254. இதில் முதலில் வீணாக்கிய 240 இல்லை.

வெல்டருக்காக ஐந்து வாரம் காத்திருந்தேன், வேலை நான்கு நாள். செப்டம்பருக்குப் பிறகு வரிசை நீளும் என்றார்கள். குளிர்காலத்தில் ரோட்டில் உப்பு போட ஆரம்பிப்பதற்கு முன்பே மெழுகு உள்ளே போய்விட வேண்டும், அதனால் ஜூன், ஜூலையிலேயே பேசிவையுங்கள். பின் ஷாக் பிளேட்டை வீட்டு வாசலில் ஒரு மதியத்தில் போட்டுவிடலாம். முன் டவருக்கு ஒரு முழு நாள் வையுங்கள், துருப்பிடித்த லிங்க் நட்டு பாதி நேரத்தைத் தின்றுவிடும்.

முன்பணமாக முழுத்தொகையும் கேட்பவரிடம் கொடுக்க வேண்டாம். சப்ஃபிரேமை இறக்கிய பிறகு விரிசல் பெரிதாகத் தெரிந்தால் என்ன செய்வது, அதற்கு மேல் எவ்வளவு ஆகும், உங்களைக் கேட்காமல் எந்தத் தொகைக்கு மேல் போகக் கூடாது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். என் வெல்டர் மூன்றாம் நாள் போன் செய்து படம் அனுப்பினார். பின்பக்கத்தில் இன்னொரு விரிசல். நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றேன்.

காரின் விலையே இரண்டாயிரம் என்றால் இவ்வளவு போடலாமா? துரு மற்ற இடங்களிலும் இருந்தால், கதவுகளுக்கு அடியில் ஓடும் சில் தகடுகளும் பக்க உத்தரங்களும் போயிருந்தால், போடாதீர்கள். நிலைமையைச் சொல்லி விற்றுவிடுங்கள். மறைத்து விற்றால் இன்னொரு குடும்பம் அந்தக் காரில் உட்காரும்.

9. வேலை முடிந்த பிறகு

முன் டவரைத் தொட்டாலோ சப்ஃபிரேமை இறக்கினாலோ அலைன்மென்ட் கட்டாயம். நான்கு சக்கரமும் பார்க்கும் இடத்துக்குப் போங்கள், முன்பு பின்பு என்று இரண்டு அளவுத் தாளையும் வாங்குங்கள். பின்பக்கம் இடது வலது அளவுகள் சமமாகக் கொண்டுவர முடியவில்லை என்று அவர்கள் சொன்னால், சப்ஃபிரேம் நேராக உட்காரவில்லை என்று அர்த்தம். அன்றைக்கே வெல்டருக்குப் போன் செய்யுங்கள்.

ஒவ்வொரு நட்டிலும், நட்டிலிருந்து பிளேட் வரை வெள்ளை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். சில நூறு மைல் ஓடிய பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நான் டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்கிறேன். வெல்டரின் படங்கள், பில்கள், அலைன்மென்ட் தாள், இன்சூரன்ஸ் ஈமெயில் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கின்றன. அந்த ஃபைலின் முதல் பக்கத்தில், சிவப்புக் கோடு தெரியும் அந்தப் படத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். நாளைக்கு இந்தக் காரை வாங்குபவருக்கு, எங்கே பார்க்க வேண்டும் என்று அது காட்டும்.